ஒரே காயம், இரண்டு கோப்புகள்

குழந்தைப் பாதுகாப்பில் பாரபட்சம் என்றதும் பலர் மனதில் வருவது ஒரு கெட்ட அதிகாரியின் முகம். ஏழைகளை இளக்காரமாகப் பார்ப்பவர், ஏதோ ஒரு சமூகத்தை வெறுப்பவர், யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறவர். அப்படி யாருமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலையில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள். நேரம் காலம் பார்க்காமல் ஓடுகிறவர்கள். அவர்கள் எழுதிய அறிக்கைகளில்தான் பாரபட்சத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கள விசாரணைக்குப் போகிறவர்களின் அறிக்கைகளைப் படித்து, முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அவற்றைத் தயார் செய்வது என் வேலை. அதற்கு முன்னால் நானும் வீடு வீடாகப் போனவள்தான். குழந்தை வீட்டிலேயே இருக்கலாமா, உறவினரிடம் ஒப்படைக்கலாமா, குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பவேண்டுமா என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானிக்கிற கூட்டம் அது. இங்கே சொல்லும் குடும்பங்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஒரு சமயம் இரண்டு கோப்புகள் ஒரே வாரத்தில் என்னிடம் வந்தன. இரண்டிலும் இரண்டு வயது நிரம்பாத குழந்தை, கையில் எலும்பு முறிவு. இரண்டு வீட்டிலும் கட்டிலில் இருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும், விழுந்த நேரத்தை முதலில் ஒரு மாதிரியும் பிறகு வேறு மாதிரியும் சொல்லியிருந்தார்கள். முதல் குழந்தையின் அம்மா இரவு வேலைக்குப் போகிறவர். ஒற்றை அறை வீடு. அந்த அம்மாவோடு கூட இருந்த ஆண், குழந்தையின் அப்பா அல்ல. அந்த அம்மாவின் கோப்பில் இப்படி எழுதியிருந்தது: "தாய் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்." இரண்டாவது குழந்தையின் பெற்றோர் இருவரும் படித்தவர்கள், நல்ல உத்தியோகம். அந்தக் கோப்பில் எழுதியிருந்தது இது: "பெற்றோர் அதிர்ச்சியில் இருப்பதால் விவரங்களைச் சரியாக நினைவுகூர முடியவில்லை." எழுதியவர் இரண்டிலும் ஒருவரே. திறமையான பெண், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே பரிசோதனை என்று முடிவானது. உடல் முழுக்க எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது, குழந்தை மருத்துவத்தில் அனுபவமுள்ள இன்னொருவர் அதைப் பார்ப்பது. முதல் குழந்தைக்கு வேறு எந்தக் காயமும் இல்லை. இரண்டாவது குழந்தையின் விலா எலும்பில் ஆறிப்போன பழைய முறிவு ஒன்று இருந்தது. அந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை முதல் குழந்தை இல்லத்திலும் இரண்டாவது குழந்தை வீட்டிலும் இருந்தன. அதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மட்டும் நடக்கிற விஷயமாக இதை நினைத்துவிட வேண்டாம். 1999ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கரோல் ஜென்னி குழுவினரின் ஆய்வு வந்தது. வேண்டுமென்றே ஏற்படுத்தப்பட்ட தலைக்காயத்தோடு வந்த 173 சிறு குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை அவர்கள் திருப்பிப் பார்த்தார்கள். 54 குழந்தைகளின் காயத்தை முதலில் பார்த்த மருத்துவர்கள் அடையாளம் காணவில்லை. வெள்ளையர் குடும்பங்களிலும், தாய் தந்தை இருவரும் சேர்ந்து வாழும் வீடுகளிலும்தான் இது அதிகமாகத் தவறவிடப்பட்டது. தவறவிடப்பட்டவர்களில் 15 குழந்தைகள் மறுபடி காயப்பட்டார்கள். 2002ல் வந்த இன்னொரு ஆய்வு, எலும்பு முறிவோடு வந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. சிறுபான்மை இனக் குழந்தை என்றால் துன்புறுத்தல் இருக்குமோ என்ற பரிசோதனையும் புகாரும் அதிகம். இரண்டு ஆய்வையும் சேர்த்து வைத்தால் தெரிவது இதுதான்: ஒரு குழந்தையைத் தேவையில்லாமல் பிரிக்கிற அதே பார்வை, இன்னொரு குழந்தையை அடிக்கிற வீட்டிலேயே விட்டுவிடுகிறது. மிச்சிகன் மாநிலத் தரவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நிற்கிறது. ஒரே அளவு ஆபத்தில் இருக்கும் குழந்தைகளில் கறுப்பினக் குழந்தைகள் அதிகமாகப் பிரிக்கப்படுகிறார்கள். அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவது உண்மையிலேயே ஆபத்துள்ள வீடுகளில். அதாவது, காப்பாற்றப்பட வேண்டிய வெள்ளையினக் குழந்தைகள் அங்கேயே விடப்படுகிறார்கள்.

நியாயம் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "அப்படியானால் எல்லாக் குழந்தைகளையும் வீட்டிலேயே விட்டுவிடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். அதற்காகத்தான் இதை இவ்வளவு நேரம் சொன்னேன். நியாயம் வேறு, இளகிய மனம் வேறு. வறுமையைக் கண்டு பயப்படுவது எவ்வளவு ஆபத்தோ, வசதியைக் கண்டு நிம்மதி அடைவதும் அவ்வளவு ஆபத்து.

கலாச்சாரம் என்ற பெயரில் வருகிற கண்மூடித்தனமும் உண்டு. லண்டனில் 2000 பிப்ரவரியில் இறந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பியேவின் வழக்கை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்கவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் பிறந்த குழந்தை. உறவுக்காரப் பெண்ணோடும் அவருடைய துணைவரோடும் இருந்தாள். உடலில் 128 காயங்கள் இருந்தன. பல அலுவலகங்களும் மருத்துவமனைகளும் அவளைப் பார்த்திருந்தன. லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003ல் வந்தது. தன்னை வைத்திருந்த அந்த இருவரின் முன்னால் விக்டோரியா விறைப்பாக நின்றதை, ஆப்ரோ-கரீபிய (ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த கரீபியத் தீவு) குடும்பங்களில் இருக்கும் மரியாதை, கீழ்ப்படிதல் என்று ஒரு பணியாளர் எடுத்துக்கொண்டிருந்தார். தங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று அவளைப் பெற்றவர்கள் விசாரணையில் சொன்னார்கள். குழந்தை பயந்து நின்றிருக்கிறாள். அதைக் கேட்கவேண்டிய நேரத்தில் ஒரு இனத்தின் மீது ஏற்கெனவே இருந்த எண்ணம் பதிலாக வந்து உட்கார்ந்துவிட்டது.

அதனால் என்னிடம் வருகிற அறிக்கையில் "இது அவர்கள் வழக்கம்" என்று இருந்தால், யார் சொன்னார்கள் என்று கேட்பேன். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, இந்தக் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் விசாரித்தீர்களா? குழந்தையிடம் தனியாகக் கேட்டீர்களா? இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, குழந்தை என்ன செய்தாள், எப்படி நின்றாள், யாரைப் பார்த்தாள் என்று மட்டும் எழுதச் சொல்வேன்.

இந்த ஒரு பழக்கம்தான் எங்கள் கூட்டங்களை அதிகம் மாற்றியது என்று நினைக்கிறேன். "வீடு மோசமான நிலை" என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் அவரவர் அறிந்த மோசமான வீடு வந்துவிடும். "தரையில் உடைந்த கண்ணாடி, குழந்தை எட்டும் உயரத்தில் மருந்துப் புட்டி, சமையலறையில் இரண்டு நாள் பாத்திரங்கள்" என்று எழுதினால், முதல் இரண்டும் ஆபத்து, மூன்றாவது ஆபத்து இல்லை என்று யாரும் பிரித்துப் பார்க்கலாம். "தாய் அக்கறையற்றவர்" என்பதை நான் ஏற்பதில்லை. தடுப்பூசி எத்தனை தவறியது, ஏன் தவறியது, அது தெரிந்ததும் அவர் என்ன செய்தார் என்று எழுதட்டும். பக்கத்தில் ஒரு வரி: இதனால் குழந்தைக்கு என்ன நேர்ந்தது, அல்லது என்ன நேரக்கூடும்? இதற்குப் பதில் எழுத முடியாத பல வரிகள் அறிக்கையில் இருந்து தானாகவே விழுந்துவிடும்.

இன்னொரு சோதனையும் செய்து பார்ப்போம். அறிக்கையில் உள்ள தொழில், முகவரி, திருமண நிலை, இனம், மதம் இவற்றை மனதுக்குள் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இதே சம்பவம் ஒரு மருத்துவர் வீட்டில் நடந்திருந்தால் என்ன பரிந்துரைத்திருப்போம்? பதில் வேறாக இருந்தால் ஏன் வேறு என்று எழுதியாகவேண்டும். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும். உதவிக்கு ஓடிவர ஆள் இல்லாத வீட்டில் ஆபத்து கூடுதல்தான். பல நேரம் எழுதுவதற்கு எதுவும் இருக்காது.

ஆனால் கூட்டத்தில் மட்டும் நியாயமாக இருந்துவிட்டால் போதும் என்று நம்புவது தவறு. அமெரிக்காவில் சில இடங்களில் குழந்தையின் இனம், பெயர், முகவரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டுக் கூட்டம் நடத்திப் பார்த்தார்கள். நல்ல நோக்கம். மிச்சிகனில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இதை ஆராய்ந்தவர்கள் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை. ஏனென்றால் எண்ணிக்கையில் தெரியும் இடைவெளி அதற்கு முன்பே, யார் வீட்டுக்கு விசாரணை போகிறது என்பதிலேயே உருவாகிவிட்டிருந்தது. 2017ல் வெளியான ஒரு கணிப்பின்படி அமெரிக்கக் குழந்தைகளில் 37.4 சதவீதம் பேர் 18 வயதுக்குள் ஏதோ ஒரு குழந்தைப் பாதுகாப்பு விசாரணையைச் சந்திக்கிறார்கள். கறுப்பினக் குழந்தைகளில் அது 53 சதவீதம்.

இதன் காரணத்தை என் கோப்புகளிலேயே பார்க்கிறேன். உதவித்தொகை வாங்குகிற குடும்பத்தை அலுவலர்கள் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகிற குடும்பத்தைப் பலர் பார்க்கிறார்கள். நெருக்கமான குடியிருப்பில் குழந்தை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். தனி வீட்டில், தனியார் மருத்துவரிடம், பணம் கொடுத்து ஆலோசனை பெறுகிற குடும்பத்தை யாரும் பார்ப்பதில்லை. புகார் எண்ணிக்கை சொல்வது பெரும்பாலும் எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்பதை.

"இந்தக் குடும்பத்தின் மீது ஏற்கெனவே ஐந்து புகார்கள்" என்று ஒரு வரி கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தால், அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் அதன் நிறத்தில்தான் தெரியும். இப்போது அந்த வரியை அப்படியே விட நான் அனுமதிப்பதில்லை. ஐந்தில் எத்தனை உறுதியானது, எத்தனை ஆதாரமில்லை என்று முடிந்தது, எத்தனை பேர் கொடுத்தது என்று பிரித்து எழுதவேண்டும். ஒரு கோப்பில் எல்லாப் புகாரும் ஒரே பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்தது, அதுவும் தண்ணீர்த் தகராறு தொடங்கிய பிறகு. அதற்காக அந்தப் புகார்களைத் தூக்கிப் போடவில்லை. விரோதத்தில் கொடுத்த புகாரும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஐந்து என்ற எண்ணிக்கைக்குத் தனியாக எந்தப் பலமும் இல்லை.

கணினி இதைச் சரி செய்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவின் அலெகெனி கவுண்டியில் 2016 முதல் ஒரு மென்பொருள், வருகிற ஒவ்வொரு புகாருக்கும் ஆபத்தைக் கணித்து 1 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் கொடுக்கிறது. பழைய அரசுத் தரவுகளில் இருந்துதான் அது கற்றுக்கொண்டது. அந்தத் தரவுகளில் நிறைய இருப்பது அரசு உதவியை நாடிய குடும்பங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ல் காட்டியது, மதிப்பெண்ணை மட்டும் பின்பற்றியிருந்தால் கறுப்பினக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிதாகியிருக்கும் என்பது. தொலைபேசியை எடுத்த பணியாளர்கள் தங்கள் அறிவைப் பயன்படுத்தி அந்த இடைவெளியைக் குறைத்திருந்தார்கள். இதே சிந்தனையில் உருவான கருவியை ஓரிகன் மாநிலம் அதே ஆண்டில் கைவிட்டது. கருவியே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஒழுங்கான கேள்விப் பட்டியல் மனிதர் மறப்பதை நினைவூட்டும். ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்கக் கூடாது. வீட்டைப் பார்த்து, எழுதி முடித்த பிறகு மதிப்பெண்ணைப் பாருங்கள்.

வறுமையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். மாற்றுப் பராமரிப்பு, அதாவது பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளின் பராமரிப்பு குறித்து ஐ.நா. பொதுச்சபை 2009ல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன: பணமும் பொருளும் இல்லாத வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாக அதைப் பார்க்கவேண்டும். நடைமுறையில் யாரும் "வறுமை" என்று எழுதிப் பிரிப்பதில்லை. "புறக்கணிப்பு" என்று எழுதுகிறார்கள். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய், பூட்டு இல்லாத கதவு, கட்டில் இல்லாத அறை எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் போய்விடுகின்றன.

இதற்கு நாங்கள் கேட்கிற கேள்வி எளிது. இந்தக் குடும்பத்துக்கு நாளைக்கே போதுமான பணம் கிடைத்தால் இந்த ஆபத்து எவ்வளவு மிச்சமிருக்கும்? கதவுக்குப் பூட்டுப் போட்டால், மாலை நேரத்துக்கு ஒரு குழந்தைகள் காப்பகம் கிடைத்தால் ஆபத்து போய்விடும் என்றால், நம் கூட்டம் பேசவேண்டியது பூட்டையும் காப்பகத்தையும் பற்றி. ஒரு குழந்தையை வெளியே வைத்துப் பராமரிக்கிற செலவில் சின்னப் பங்கு போதும் அந்த வீட்டைச் சரி செய்ய. பணம் கிடைத்தாலும் ஆபத்து அப்படியே இருக்கும் என்றால், அப்போது பேச வேண்டியது வேறு. அடி, பாலியல் துன்புறுத்தல், கட்டுப்படாத குடி இவற்றுக்குப் பூட்டு மருந்தில்லை.

"ஒத்துழைக்க மறுக்கிறார்கள்" என்ற வரியும் எனக்குப் பிடிக்காத வரி. கதவைத் திறக்காத குடும்பத்துக்கு ஏன் திறக்கவில்லை என்று ஒரு வரலாறு இருக்கும். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கப்பட்டார்கள். அதைப் பதிவு செய்த அறிக்கை 1997ல் வந்தது, நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. அப்படி ஒரு குடும்பத்தில் பாட்டி ஒருத்தி அலுவலகக் காரைக் கண்டதும் பேரனைப் பின்வாசல் வழியாக அனுப்பினால் அதைக் குற்ற உணர்ச்சி என்று எழுதுவது எவ்வளவு அநியாயம்! வேறு வகையில் அரசின் கையில் அடிபட்ட எந்தச் சமூகத்துக்கும் இது பொருந்தும். நாங்கள் இப்போது செய்வது, முதல் சந்திப்பில் கதவு திறக்காவிட்டால் அந்தக் குடும்பம் நம்புகிற ஒருவரோடு மறுபடி போவது. ஆசிரியையோ, செவிலியரோ, வழிபாட்டுத் தலத்துப் பெரியவரோ. குழந்தையின் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இதற்குக் காத்திருப்பதில்லை. மொழி தெரியாத குடும்பம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். அந்த வீட்டுக் குழந்தையையே மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, ஒரு நாளும்.

ஐலீன் மன்ரோ என்ற பிரிட்டன் பேராசிரியர், 1973 முதல் 1994 வரை வெளியான 45 குழந்தை மரண, துன்புறுத்தல் விசாரணை அறிக்கைகளை ஆராய்ந்தார். பணியாளர்கள் முதலில் கொண்ட எண்ணத்தை மாற்றிக்கொள்ள மிகவும் தாமதிக்கிறார்கள் என்பது அவருடைய முக்கியமான முடிவு. தங்கள் எண்ணத்துக்கு ஒத்துவரும் தகவலை உடனே ஏற்கிறார்கள், ஒத்துவராததைச் சந்தேகிக்கிறார்கள். இது நல்லவர்களுக்கும் நடக்கும், அனுபவசாலிகளுக்கு இன்னும் அதிகமாக நடக்கும் என்பது என் கணிப்பு.

எங்கள் கூட்டத்தில் இதற்காகச் சில விஷயங்களை மாற்றினோம். வீட்டுக்கு நேரில் போன இளைய பணியாளர்தான் முதலில் பேசுவார். மருத்துவர், காவல்துறை, மேலதிகாரி எல்லாம் கடைசியில். முன்பெல்லாம் பெரியவர் ஒருவர் கருத்துச் சொன்னதும் மீதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள், நேரில் பார்த்த பெண் வாயைத் திறக்கமாட்டாள். ஒவ்வொரு வழக்கிலும் ஒருவர் எதிர்த் தரப்பை எடுத்துப் பேசவேண்டும், அது முறை வைத்து மாறும். அப்படி மாறாவிட்டால் ஒரே ஆள் நிரந்தரமாகக் குறுக்கே பேசுகிறவர் என்று பெயர் வாங்கிவிடுவார். பெற்றோருக்கு அறிக்கை முன்கூட்டியே கிடைக்கவேண்டும், அவர்கள் தங்களுக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிவரலாம். குழந்தையைத் தனியாக, அவள் பயப்படாத இடத்தில், ஒரு தடவைக்கு மேல் சந்தித்த பிறகுதான் அவள் விருப்பம் என்று எதையும் எழுதுவது.

பரபரப்பான ஒரு குழந்தை மரணம் செய்தியில் வந்த வாரங்களில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பிரிட்டனில் 2008ல் ஒரு குழந்தையின் மரண வழக்கு பெரிதாகப் பேசப்பட்டதும், குழந்தைகளைப் பிரிக்கக் கோரி நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் சட்டென்று அதிகமாயின. வீடுகள் ஒரே மாதத்தில் அவ்வளவு மாறிவிடாது. மாறியது பயம். பிரிக்காமல் விட்டு ஏதாவது ஆனால் பெயர் செய்தித்தாளில் வரும், தேவையில்லாமல் பிரித்தால் எந்தச் செய்தித்தாளிலும் வராது. இதை ஒவ்வொரு பணியாளரும் மனதில் வைத்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். தனி மனிதரின் தைரியத்தை நம்பி இதை விடக் கூடாது. முடிவைக் கூட்டாக எடுத்து, கூட்டாகக் கையெழுத்துப் போடவேண்டும், மேலதிகாரியின் பெயர் முதலில் இருக்கவேண்டும்.

அப்புறம், வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் முடிவுகளை நாங்களே எண்ணிப் பார்க்கிறோம். எந்த மாதிரிக் குடும்பம், எந்தப் பகுதி, யார் விசாரித்தது, என்ன முடிவு. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொரு கோப்பும் நியாயமாகத்தான் தோன்றும். வரிசையாக வைத்தால்தான் ஒருவரிடம் போன வழக்குகளில் பிரிப்பு அதிகம், இன்னொருவரிடம் குறைவு என்பதெல்லாம் தெரியும். இதை யாரையும் தண்டிக்கப் பயன்படுத்துவதில்லை என்று ஆரம்பத்திலேயே உறுதி கொடுத்தோம். அந்த உறுதி இல்லாவிட்டால் உண்மையான தகவல் யாரும் எழுதமாட்டார்கள்.

சில காலம் முன்னால், இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண் தன் கோப்பைப் படிக்க வந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: பாட்டியிடம் ஏன் என்னைக் கொடுக்கவில்லை? கோப்பில் இருந்தது ஒரே வரி, "பாட்டி தகுதியற்றவர் எனக் கருதப்படுகிறார்." வயதா, வீட்டின் அளவா, உடல்நலமா, யார் கருதினார்கள், பாட்டியிடம் கேட்டார்களா, எதுவும் இல்லை. நான் அவளுக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. அந்த முடிவு சரியாகக்கூட இருந்திருக்கலாம். அதை அறியும் உரிமை அவளுக்கு இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு முடிவோடும் நான்கு விஷயங்கள் கேட்கிறேன். எந்தெந்த மாற்று வழிகளைப் பார்த்தோம், ஒவ்வொன்றையும் ஏன் விட்டோம். கூட்டத்தில் யார் மாறுபட்டார், என்ன சொன்னார். எது மாறினால் இந்த முடிவு மாறும். மறுபடி எந்தத் தேதியில் பார்க்கப்போகிறோம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கோப்பு என் மேசையைத் தாண்டிப் போகாது, எழுதியவரிடமே திரும்பிப் போகும்.